இம்பால் வீதியில் ஒரு மைல்கட்டை

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், அஜின்கோர்ட் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் மருத்துநீர் வைத்து, கைவிசேடம் வாங்கி, பலகாரமும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் ஒரு கிழவன் எழும்பி நின்று யுத்தக் கதை சொல்லப்போகிறான் என்றால் உங்களுக்குக் கொஞ்சம் அலுப்பாகத்தான் இருக்கும். செயலாளர் தம்பி எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார். கூடினால் மணி அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நாங்கள் இருக்கிற இந்த இடத்துக்கு அஜின்கோர்ட் என்று ஏன் பெயர் வந்தது, யாருக்காவது தெரியுமா? பஸ்ஸிலும் பாக்கிறம், பள்ளிக்கூடப் பலகையிலும் பாக்கிறம். அது பிரான்ஸ் நாட்டில் ஒரு கிராமம். 1415 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆம் திகதி ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சேற்று வயலுக்குள் ஒரு பெரிய சண்டை நடந்த இடம். 1858 இல் இங்கே தபாற்கந்தோர் திறந்தபோது அந்தப் பெயரை வைத்தார்கள். நானும் ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவன் என்றபடியால் இது என் மனதில் நின்றுவிட்டது. அறுநூறு வருடத்துக்கு முந்தின சண்டை, கடல் தாண்டி வந்து எங்கட பஸ் தரிப்பிடத்தில் பெயராய் நிற்கிறது. எங்கட சனம் நடந்த பாதைகளின் பெயர் எங்கே நிற்கிறது? இந்தக் கேள்வியோடுதான் இன்றைக்கு இம்பாலைப் பற்றிக் கதைக்க வந்தேன்.

மைல்கட்டை மாமா

இம்பால் என்ற பெயரை நான் முதலில் கேட்டது புத்தகத்தில் இல்லை, எங்கட வீட்டில்தான். என் அம்மாவின் மூத்த அண்ணன், எனக்குப் பெரியமாமா, யுத்தத்துக்கு முந்தி ரங்கூனில் கிளாக்கர். மலாயாவுக்குப் போன யாழ்ப்பாணத்தார் கூட. பர்மாவுக்குப் போனவை குறைவு. அந்தக் குறைவில் அவர் ஒருவர். மாமியையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். ஒரு பெண்பிள்ளை பிறந்தது. 1942 கடைசியில் மாமா தனியாக ஊருக்குத் திரும்பி வந்தார். ரங்கூனில் குண்டு விழுந்து மாமியும் பிள்ளையும் போட்டினம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தது. அவர் அதைப் பற்றி வாய் திறந்ததை நான் கண்டதில்லை.

நான் பிறந்தது 1945 இல். எனக்குத் தெரிந்த மாமா மெலிந்த, கதை குறைந்த மனிதர். பின்னேரத்தில் கோயிலடிக்கு நடந்து போவார். கையில் எப்போதும் ஒரு போத்தல் தண்ணீர். வீதியோரத்தில் மைல்கட்டை வந்தால் மட்டும் மற்றப் பக்கத்துக்கு மாறிப் போவார். கட்டையில் ஒருவரும் இருக்கக்கூடாது, நாங்கள் ஏறி இருந்தால் சத்தம் போடுவார். சின்னப் பெடியளான எங்களுக்கு அது பெரிய பகிடி. "மைல்கட்டை மாமா" என்று பட்டம் வைத்தோம். அவர் வருகிறபோது வேண்டுமென்றே கட்டையில் ஏறி இருந்து, அவர் சத்தம் போட ஓடியிருக்கிறோம். நானும் ஓடினேன். 1971 இல் அவர் செத்துப்போனார். அந்தக் கட்டைக்கு என்ன அர்த்தம் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மழை. வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி அசைந்த இரவு. அடி வைக்க இடமில்லை. என் அம்மாவுக்கு அப்போது எண்பது வயது. சைக்கிள் கரியரில் தலையணையைக் கட்டி அவவை இருத்தி நான் தள்ளிக்கொண்டு போனேன். பாலத்தடியில் மணித்தியாலக் கணக்காய் நின்றோம். அப்போது அம்மா என் காதுக்குள் சொன்னா: "அண்ணாவும் இப்பிடித்தான் வந்தவர். பிள்ளை ரங்கூனில சாகேல்லை. இம்பால் கழிய றோட்டில செத்தது. அவரால கிடங்கு வெட்ட ஏலேல்லை. ஒரு மைல்கட்டைக்குப் பக்கத்தில வளத்திப்போட்டு, சேலைத் துண்டால மூடிப்போட்டு நடந்தவராம். எனக்கு மட்டும்தான் சொன்னவர்."

அம்பத்து மூன்று வருடம் அந்த மனுசி அதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறா. எத்தனையாம் கட்டை என்று கேட்டேன். "அது நான் கேக்கேல்லை மோனை" என்றா.

மலைக்கு நடுவில் ஒரு தட்டு

கனடாவுக்கு வந்தபிறகுதான் இம்பால் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மணிப்பூர். நாலு பக்கமும் மலை. நடுவிலே சோற்றுக்கோப்பையின் அடி போல ஒரு சமவெளி. ஏறத்தாழ நாற்பது மைல் நீளம், இருபது மைல் அகலம், கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2600 அடி. நெல் விளைகிற பூமி. லொக்டாக் என்ற பெரிய ஏரியும் அதற்குள் இருக்கிறது. அங்கேயிருக்கிற மெய்தேய் மக்களுக்கும் சித்திரையை ஒட்டித்தான் வருடப்பிறப்பு. அன்றைக்குச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு மலை ஏறுவது அவர்களின் வழக்கம்.

இந்தத் தட்டுக்கு ஏன் அவ்வளவு பெறுமதி? ஒரு பக்கம் அசாம், மற்றப் பக்கம் பர்மா. இடையில் உள்ளதெல்லாம் காட்டு மலை. பெரிய சேனை இறங்கி நிற்கவும், சாமான் குவிக்கவும், விமானம் இறங்கவும் கூடிய மட்டமான நிலம் அந்தப் பகுதியில் இதுதான். வடக்கே கோஹிமா வழியாகத் திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு 138 மைல் பாதை. தென்கிழக்கே பாலேல், தாமு வழியாகப் பர்மாவுக்கு ஒரு பாதை. தெற்கே திட்டிமுக்கு ஒன்று. மேற்கே சில்ச்சாருக்கு ஒரு ஒற்றையடிப் பாதை. பர்மாவிலிருந்து இந்தியாவுக்குள் வருகிறவனும், இந்தியாவிலிருந்து பர்மாவுக்குள் போகிறவனும் இந்தத் தட்டில் கால் வைத்துத்தான் போகவேணும்.

1942: நடந்து வந்த சனம்

அந்தக் காலப் பர்மாவில் பத்து லட்சம் அளவில் இந்தியர் இருந்தார்கள். ரங்கூன் பட்டினத்தில் பாதிக்கு மேல் இந்தியர். நெல்வயலுக்குக் கடன் கொடுத்த செட்டியார்மார் முதல், துறைமுகத்தில் மூட்டை தூக்கின கூலிகள் வரை தமிழரும் தெலுங்கரும் ஏராளம். 1941 டிசம்பர் 23 ஆம் திகதி யப்பான்காரர் ரங்கூனில் முதற் குண்டு போட்டார்கள். 1942 மார்ச் 8 இல் ரங்கூன் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் முதலே போய்விட்டார்கள். மற்றவர்கள் நடந்தார்கள்.

மொத்தம் ஐந்து லட்சம் பேர் அளவில் அந்த வருடம் பர்மாவை விட்டு வெளிக்கிட்டார்கள் என்பது பொதுவான கணக்கு. வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பாரும் உண்டு. ஒரு கணக்குக்கும் மற்றக் கணக்குக்கும் இடையில் நாற்பதினாயிரம் உயிர் வித்தியாசம். யோசித்துப் பாருங்கோ, நாற்பதினாயிரம் பேரை எண்ணாமல் விட ஏலுமாயிருந்திருக்கிறது.

அவர்கள் வந்த பாதைகளில் ஒன்று மண்டலே, மொனிவா, பிறகு சின்ட்வின் ஆற்றால் படகு, பிறகு தாமு, பாலேல், இம்பால். வாந்திபேதி, மலேரியா, வயிற்றோட்டம். குடிக்கத் தண்ணீர் இல்லை. அதிலேயும் ஒரு பாகுபாடு இருந்தது. வெள்ளைக்காரருக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் ஏற்பாடு கூடின ஒரு பாதை, மற்றச் சனத்துக்கு வேறொரு பாதை. "வெள்ளைப் பாதை, கறுப்புப் பாதை" என்று அப்போதே பெயர் வந்துவிட்டது. காங்கிரஸ் கட்சி 1942 இலேயே அதைக் கண்டித்தது. அந்த வழிகளில் முகாம் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்களிலும், பாதை வெட்டினவர்களிலும் பெருந்தொகையானவர்கள் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். இந்த மண்டபத்தில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களும் இருக்கிறீர்கள். கூலி என்று கணக்கில் எழுதப்பட்டவர்கள்தான் அகதிக்குக் கஞ்சி ஊற்றினார்கள் என்பதை உங்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

மாமி சின்ட்வின் தாண்டின பிறகு வாந்திபேதியில் போனா என்று அம்மா சொன்னா. நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு மாமா இம்பால் வந்து சேர்ந்திருக்கிறார். அங்கேயிருந்து திமாப்பூருக்கு லொறி கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். மே 10 ஆம் திகதி இம்பாலில் முதற் குண்டு விழுந்தது. 16 ஆம் திகதி இன்னொரு தரம். பட்டினம் வெறுமையாய்ப் போய்விட்டது. லொறிக்காரரும் ஓடிவிட்டார்கள். சனம் அந்த 138 மைல் வீதியில் வடக்கே நடந்தது. மழையும் தொடங்கிவிட்டது. அந்த வீதியில்தான் அந்தக் கட்டை.

அந்த நாட்களில் எங்கட ஊரும் தப்பவில்லை. 1942 ஏப்ரல் 5 கொழும்பிலும், 9 திருகோணமலையிலும் யப்பான் விமானங்கள் குண்டு போட்டன. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளியே கடலில் தாண்டது. யப்பான் கப்பற்படை வருகிறது என்று முதல்நாளே கண்டு செய்தி அனுப்பினவர் யார் தெரியுமோ? லெனாட் பேர்ச்சல் என்ற கனடாக்காரர். இந்த ஒன்ராறியோ மாகாணத்து சென்ற் கதரீன்ஸ் ஊரில் பிறந்தவர். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானத்தைச் சுட்டு விழுத்திச் சிறை பிடித்தார்கள். இந்த நாட்டுக்கும் எங்களுக்கும் தொடுப்பு நாங்கள் அகதியாய் வந்த நாளில் தொடங்கினதில்லை.

1944: முற்றுகை

சனம் போன அதே வழியால் இரண்டு வருடம் கழித்து சேனை வந்தது. யப்பான்காரருக்குப் பர்மாவில் சேனை வைத்திருக்கச் சாமான் வேணும். அதற்காகத்தான் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்டார்கள். 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்த 415 கிலோமீற்றர் பாதை. மலாயா றப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர் அதில் ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள். மரண ரயில் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பாதை சாமான் ஏற்றினது பர்மா யுத்தத்துக்கு.

1944 மார்ச்சில் முத்தகுச்சி என்ற யப்பான் தளபதி மூன்று டிவிசனோடு சின்ட்வின் ஆற்றைத் தாண்டினார். ஒரு டிவிசன் கோஹிமாவுக்கு, மற்ற இரண்டும் இம்பாலுக்கு. அவருடைய கணக்கு இதுதான்: மூன்று கிழமைச் சாப்பாட்டோடு போவது, இம்பாலில் பிரித்தானியர் குவித்து வைத்திருக்கிற அரிசியையும் பெற்றோலையும் பிடித்து மிச்ச யுத்தத்தை நடத்துவது. மாட்டு மந்தைகளையும் சாய்த்துக்கொண்டு மலை ஏறினார்கள். ஏற்றத்திலேயே மாடுகள் விழத் தொடங்கிவிட்டன.

பிரித்தானியப் பக்கத்துக்கு ஜெனரல் சிலிம். அவர் முன்னுக்கு நின்ற படைகளைச் சமவெளிக்குள் இழுத்துக்கொண்டார். எதிரி மலைக்கு மேலால் களைத்துப் பசித்து வரட்டும், நாங்கள் விமானத்தளங்களுக்குப் பக்கத்தில் நின்று அடிப்போம் என்பது அவருடைய யோசனை. மார்ச் கடைசியில் கோஹிமா வீதி வெட்டுப்பட்டது. உள்ளுக்குள் ஒன்றரை லட்சம் பேர் அளவில். ஏப்ரல், மே, ஜூன் என்று ஏறக்குறைய மூன்று மாதம் முழுதும் ஆகாயத்தாலேயே சாமான் வந்தது. 19,000 தொன் சாமானும் 12,000 ஆட்களும் உள்ளே கொண்டுவந்தார்கள். 13,000 நோயாளர், காயக்காரரையும், 43,000 சண்டை செய்யாத ஆட்களையும் வெளியே ஏற்றினார்கள். 1200 சாக்குக் கடிதமும் வந்ததாம். தபாற்காரனான எனக்கு இது பெரிய விசயம். முற்றுகைக்குள் இருக்கிறவனுக்குக் கடிதம் எவ்வளவு பெறுமதி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சண்டைக்கெல்லாம் மேலிடம் எங்கே இருந்தது? எங்கட கண்டியில். அதுவும் மலைக்கு நடுவில் ஒரு தட்டுத்தான். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தன் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

ஜூன் 22 ஆம் திகதி, கோஹிமா பக்கத்திலிருந்து இறங்கின படையும் இம்பாலிலிருந்து ஏறின படையும் வீதியில் சந்தித்தன. அதோடு முற்றுகை முடிந்தது. சந்தித்த இடத்துக்கு இப்போதும் சரித்திரப் புத்தகங்களில் உள்ள பெயர் 109 ஆம் மைல்கட்டை. அந்த வரியை முதன்முதல் வாசித்தபோது புத்தகத்தை மூடிப்போட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். சேனை சந்தித்த கட்டைக்கு இலக்கம் இருக்கிறது.

யூலையில் யப்பான்காரர் திரும்பினார்கள். ஐம்பதினாயிரத்துக்கு மேல் இழப்பு. பெரும்பகுதி பசியாலும் நோயாலும். 1942 இல் எங்கட சனம் செத்து விழுந்த அதே மழை, அதே சேறு.

இரண்டு பக்கத்திலும்

தமிழர் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். பிரித்தானிய இந்தியப் படையில் மதராஸ் சப்பர்கள் என்ற பொறியியல் படையினர் அந்தக் களம் முழுவதும் பாதை வெட்டினார்கள், பாலம் போட்டார்கள். மற்றப் பக்கத்தில் சுபாஸ் சந்திரபோசின் இந்திய தேசிய இராணுவம் யப்பான் படையோடு வந்தது. 1944 ஏப்ரல் 14, எங்கட வருடப்பிறப்பை ஒட்டின நாளில், லொக்டாக் ஏரிக்குப் பக்கத்தில் மொய்ராங் என்ற ஊரில் அதன் கொடி ஏறியது. மலாயாவிலும் பர்மாவிலும் அந்த இராணுவத்தில் சேர்ந்தவர்களில் தோட்டத்துத் தமிழர் பெருந்தொகை. கப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் துவக்குப் பிடித்த பெண்பிள்ளைகளிலும் தமிழ்ப்பிள்ளைகள் கூட. இம்பால் விழும், உள்ளே போவோம் என்று பர்மாவில் காத்திருந்தார்கள். விழவில்லை. அடுத்த வருடம் ரங்கூனிலிருந்து பாங்கொக் பக்கம் நடந்து திரும்பினார்கள்.

யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் இடையில் மெய்தேய், நாகா, குக்கி மக்களின் வயலும் வீடும் எரிந்தன. அவர்கள் கூப்பிட்ட யுத்தமில்லை அது. "யப்பான் லான்", யப்பான் சண்டை என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மேலாலே பார்த்தவர்

1998 இல் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்தேன். நிலம் துடைக்கிற வேலை. அங்கே நித்திரை வராத ஒரு வெள்ளைக்காரக் கிழவர். எந்த ஊர் என்று கேட்டார். சிலோன் என்றேன். "அப்ப உனக்கு இம்பால் தெரிஞ்சிருக்குமே" என்றார். எனக்கு வாளி கையால் நழுவப் பார்த்தது.

கனடா விமானப்படையின் 435 ஆவது அணியில் டக்கோட்டா விமானத்தில் போனவர். அந்த அணி 1944 டிசம்பரில் இம்பால் சமவெளியில் துலிஹால் தளத்துக்கு வந்தது. அதோடு கூடப் பிறந்த 436 ஆவது அணியும் அதே சமவெளிக்கு வந்தது. முற்றுகை முடிந்து பர்மாவுக்குள் திரும்பிப் போன சேனைக்கு அரிசியும் குண்டும் போட்டவர்கள் இவர்கள். மழை முகிலுக்குள் மலை எங்கே என்று தெரியாமல் பறந்த கதையைச் சொன்னார். 436 ஆவது அணி இன்றைக்கும் எங்களுக்குக் கிட்ட, 401 ஆல் கிழக்கே போனால் வருகிற ட்ரென்டனில் இருக்கிறது. யானைதான் அதன் சின்னம். துலிஹால் இன்றைக்கு இம்பால் விமான நிலையம்.

அவருக்கு மாமாவின் கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலிசில் சொன்னேன். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்த றோட்டை நாங்கள் மேலால தினமும் பார்த்தனாங்கள். மஞ்சள் நூல் மாதிரிக் கிடக்கும். அதில ஆர் நடந்தது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." அடுத்த கிழமை தன்னுடைய பழைய வரைபடமொன்றை எடுத்து வைத்திருந்து காட்டினார். இரண்டு பேரும் விரலை வைத்து இம்பாலிலிருந்து திமாப்பூர் வரை அந்த வீதியால் போனோம். என் மாமாவின் பிள்ளைக்காக என்னோடு அந்த வீதியால் வந்த ஒரே மனிதர் அவர்தான். அடுத்த பனிக்காலத்தில் காலமானார்.

மோரேயில் ஒரு கோயில்

கதை 1944 உடன் முடியவில்லை. யுத்தம் முடியத் திரும்பவும் பர்மாவுக்குப் போன தமிழர் பலர். 1962 இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கினார். லட்சக்கணக்கில் இந்தியரைத் திரும்பவும் வெளிக்கிட வைத்தார்கள். கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியவர்களின் பேரில்தான் சென்னையில் பர்மா பஜார். ஆனால் சிலருக்குத் தமிழ்நாடு ஒத்துவரவில்லை. பிறந்த மண் பர்மாதானே. இம்பாலுக்குப் போய், எல்லையால் நடந்து திரும்பிப் போகப் பார்த்தார்கள். பர்மியப் படை விடவில்லை. முன்னுக்கும் போக ஏலாமல், பின்னுக்கும் போக மனமில்லாமல் எல்லையோரத்தில் மோரே என்ற இடத்திலேயே இருந்துவிட்டார்கள். 1942 இல் எங்கட சனம் நடந்து வந்த அதே தாமுப் பாதையின் வாசல் அது. அங்கே கடை போட்டார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், அங்காள பரமேஸ்வரிக்குக் கோபுரம் கட்டினார்கள். அங்கே இட்டலியும் தோசையும் கிடைக்கும்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. தொண்ணூறுகளில் அங்கே நடந்த இனக் கலவரங்களில் கனபேர் வெளிக்கிட்டார்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் மெய்தேய்க்கும் குக்கிக்கும் கலவரம் மூண்டபோது மோரேயிலும் நெருப்பு. தமிழர் சிலரின் வீடும் எரிந்தது. ஒரு மலைத் தட்டும் அதற்குப் போகிற பாதையும் மூன்று தலைமுறைத் தமிழரைத் திரும்பத் திரும்ப அகதியாக்கியிருக்கிறது.

நான் கேட்கிறது ஒன்று

இம்பாலில் இன்று இரண்டு யுத்த மயானங்கள் இருக்கின்றன. ஒன்றில் 1600 கல்லறை, மற்றதில் 828. புல் வெட்டி, பூ வைத்துப் பராமரிக்கிறார்கள். 2019 இல் அங்கே ஒரு சமாதான நூதனசாலையும் திறந்தார்கள். யப்பான்காரரின் பிள்ளைகள் வந்து பூ வைக்கிறார்கள், பிரித்தானியரின் பிள்ளைகளும் வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் 1942 இல் நடந்து செத்த சனத்துக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ஏன் இல்லை என்று அரசாங்கங்களைக் குறை சொல்லலாம். நானும் கன நாள் சொன்னேன். பிறகு யோசித்தேன். எங்கட வீட்டில் ஒரு சாட்சி இருபத்தாறு வருடம் என்னோடு ஒரே ஒழுங்கையில் இருந்தார். அவரைக் கேட்டு எழுதாமல் விட்டது அரசாங்கமில்லை. நான். அவர் பேரைக்கூட நான் மைல்கட்டை என்று மாற்றிவிட்டேன்.

ஆனபடியால் இந்தப் புத்தாண்டில் பிள்ளைகளிடம் ஒரு கைவிசேடம் கேட்கிறேன். ஒரு கொப்பி வாங்குங்கோ. உங்கட அம்மம்மா, அப்பப்பா, பக்கத்துவீட்டுக் கிழவி, ஆரிட்டை என்றாலும் போய் இருங்கோ. எந்த நாள் வெளிக்கிட்டனீங்கள், எந்தப் பாதை, ஆரோட போனனீங்கள், கையில என்ன கொண்டு போனனீங்கள், ஆரை விட்டிட்டு வந்தனீங்கள் என்று கேளுங்கோ. பெயரையும் திகதியையும் இடத்தையும் எழுதுங்கோ. அழுதால் நிப்பாட்டி, தேத்தண்ணி போட்டுக் குடுத்து, இன்னொரு நாள் கேளுங்கோ. பெரியவர்களே, நீங்களும் பிள்ளைகள் கேட்டால் "அதெல்லாம் உனக்கெதுக்கு" என்று சொல்லாதேங்கோ. எங்கட அம்மா நாவற்குழிப் பாலத்தடியில் நிற்க வேண்டி வந்திராவிட்டால் எனக்கும் தெரிய வந்திராது.

சங்கத்திடமும் ஒரு விண்ணப்பம். அடுத்த வருட மலரில் இரண்டு பக்கம் இதற்கு ஒதுக்குங்கோ. ஒரு வருடத்துக்குப் பத்துப் பேரின் பாதை வந்தாலும் போதும்.

மாமாவின் பிள்ளை நாலு வயது. பெயர் என்ன என்று பாலத்தடியில் அம்மாவிடம் கேட்டேன். சொன்னா. அது எங்கட குடும்பக் கொப்பியில் முதற் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே "இம்பால் - திமாப்பூர் வீதி, 1942 மே" என்று எழுதி, கட்டை இலக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

செயலாளர் தம்பி மணியைத் தூக்கிறது தெரியுது.